இரண்டு கதவு இருந்தால் பொண்ணுங்க வண்டியா?

என் இரண்டு கதவு காரைப் 'பொண்ணுங்க வண்டி' என்று கேலி செய்து, என் கடைப் பெயரையும் போட்டு விட்ட அந்த ரீலை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே பார்த்துவிட்டேன். கீழே வந்த கமெண்டுகளையும் ஒன்று விடாமல் படித்தேன். பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். இன்று காலையில் களியக்காவிளை டீக்கடையில், நன்றாகப் பழகிய ஒருத்தரே "என்ன அண்ணே, பொண்ணுங்க வண்டியை எப்போ விக்கப்போறீங்க?" என்று கேட்டுச் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

என் வண்டி பொண்ணுங்க வண்டி இல்லை. ஆம்பளை வண்டியும் இல்லை. அது ஜெர்மன் கம்பெனி ஆடியின் (Audi) டிடி கார். இரண்டு கதவு, தாழ்ந்த கூரை, உருண்ட முதுகு. அடிபட்டுக் கிடந்ததை வாங்கி, மார்த்தாண்டத்தில் என் ஒர்க்‌ஷாப்பிலேயே நிமிர்த்தி எடுத்தேன். அதன் ஒவ்வொரு வளைவும் என் உள்ளங்கைக்குத் தெரியும். அந்த ரீலில் பேசின தம்பிகளுக்கு அதில் ஒன்றாவது தெரியுமா?

டிங்கரிங், அதாவது நசுங்கின தகட்டை நிமிர்த்துகிற வேலை, தெரிந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். தட்டையான கதவில் விழுந்த டெண்டை எடுப்பது வேறு, சக்கரத்துக்கு மேலே உருண்டு இறங்கும் பின் ஃபெண்டரில் எடுப்பது வேறு. பட்டி போட்டு, தேய்த்து, பிரைமர் அடித்துக் கையால் தடவினால் எல்லாம் சரியாக இருக்கிற மாதிரிதான் இருக்கும். டியூப் லைட்டைப் போட்டுவிட்டுக் குனிந்து பக்கவாட்டில் பார்க்க வேண்டும். பேனலில் விழும் அந்த வெள்ளைக் கோடு சக்கரத்துக்கு மேலே வரும்போது லேசாக நெளியும். நெளிந்தால் மறுபடியும் தேய்க்க வேண்டியதுதான். டிடியில் அந்தக் கோட்டை ஒளித்து வைக்க இடமே கிடையாது. மற்ற வண்டிகளில் ஒரு மடிப்பு, ஒரு பிளாஸ்டிக் பட்டை இருக்கும், தப்பு அதற்கடியில் மறைந்துவிடும். இதில் மறையாது. என்னிடம் இருப்பது 2006-ல் வந்த இரண்டாவது மாடல். முன்பக்கம் அலுமினியம், எடையைச் சமன் செய்யப் பின்பக்கத்தில் ஸ்டீல். ஸ்டீலில் ஓடின கிரைண்டர் டிஸ்க்கைக் கொண்டுபோய் அலுமினியத்தில் வைக்கக் கூடாது, இரும்புத்தூள் ஏறினால் பெயிண்டுக்கு அடியில் அரிக்க ஆரம்பிக்கும். அதற்காகவே தனி டிஸ்க், தனி சுத்தியல், தனி மூலை ஒதுக்கினேன். இவ்வளவு வேலை வாங்குகிற வண்டியைத்தான் பொம்மை என்கிறார்கள்.

அப்படியானால் மஹிந்திரா தார்? 2020-ல் வந்த தாருக்கு ஆள் ஏறி இறங்க எத்தனை கதவு? இரண்டுதான். பின்சீட்டுக்குப் போக முன்சீட்டை மடக்க வேண்டும். நீளம் 3,985 மில்லிமீட்டர். ஆடியின் முதல் டிடி 4,041. ஆறு சென்டிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. ஆனால் தாரில் வந்து இறங்கினால் 'மாஸ்', டிடியில் வந்து இறங்கினால் 'பொண்ணுங்க வண்டி'. வித்தியாசம் உயரத்தில்தான். தார் 1.8 மீட்டருக்கு மேல், டிடி 1.35. ஆக, ஆம்பளைத்தனம் என்பது தரையிலிருந்து எத்தனை அடி மேலே உட்கார்ந்திருக்கிறோம் என்பதில் இருக்கிறதா? தார் வைத்திருப்பவர்கள் கோபப்பட வேண்டாம், எனக்கு அந்த வண்டியைப் பிடிக்கும். பாதி தார்கள் என்னிடம்தான் பெயிண்டுக்கு வருகின்றன. நான் கேட்பது, ஒரே இரண்டு கதவுக்கு எதற்கு இரண்டு நியாயம்?

இந்தப் பேச்சு நம்மிடம் மட்டும் இல்லை. ஃபோக்ஸ்வேகன் நியூ பீட்டிலுக்கு நடந்ததைப் பாருங்கள். 1994-ல் டெட்ராய்ட்டில் அதன் மாதிரி வண்டியைக் காட்டியபோது உலகமே வாயைப் பிளந்தது. அதை வடிவமைத்தவர்கள் ஜே மேஸும் ஃப்ரீமன் தாமஸும். அடுத்த வருடம் ஃபிராங்க்ஃபர்ட்டில் காட்டிய டிடிக்குப் பின்னாலும் இதே இரண்டு பேர்தான். பீட்டிலின் டேஷ்போர்டில் ஒரு சின்னப் பூ ஜாடி வைத்தார்கள். அவ்வளவுதான், பொண்ணுங்க வண்டி என்று முத்திரை விழுந்துவிட்டது. 2011-ல் அடுத்த பீட்டில் வந்தபோது கூரையைத் தாழ்த்தி, உடம்பை அகலமாக்கி, ஜாடியைத் தூக்கிவிட்டார்கள். ஆண்கள் வாங்க வேண்டுமாம். நல்ல வட்டமாக இருந்த கூரையை ஊர்ப்பேச்சுக்குப் பயந்து அமுக்கினார்கள். 2019-ல் அந்த வண்டியே நின்றுபோனது. டிடியும் 2023-ல் நின்றுவிட்டது. இந்த மாதிரி வண்டி இனி வராது என்கிற வருத்தம் எனக்கு உண்டு. அந்த வருத்தத்தின் மேல்தான் இந்தச் சிரிப்பும் வந்து விழுகிறது.

எங்கள் தாய்மாமாவிடம் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் இருந்தது. கொல்லத்தில் முந்திரி வியாபாரி ஒருவரிடமிருந்து வாங்கியது. பழைய மாடல், இரண்டே கதவு. அத்தை புடவைத் தலைப்பை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மடக்கிய முன்சீட்டைத் தாண்டி உள்ளே போவார். அப்புறம் பிள்ளைகள் நாங்கள் ஒவ்வொருத்தராகப் போவோம். பானெட்டைத் திறந்தால் முன் மட்கார்டோடு சேர்ந்து மொத்தமும் முன்பக்கமாகச் சாயும். மாமா டயர் மேலேயே உட்கார்ந்து பிளக்கைத் துடைப்பார். நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே அதைப் பார்த்துத்தான். அந்த வண்டியை வரைந்தவர் ஜியோவானி மிக்கலோட்டி என்ற இத்தாலிக்காரர். செய்தது நம் சென்னையில். டாக்டர்கள் ஓட்டினார்கள், வக்கீல்கள் ஓட்டினார்கள். குழித்துறைப் பாலத்தில் அந்த ஹெரால்ட் வந்தால் ஆட்கள் நின்று பார்த்தார்கள். மாமாவைப் பார்த்து யாரும் பொண்ணுங்க வண்டி என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மாமா சும்மா விட்டிருக்கவும் மாட்டார்.

"ஒரு ரீலுக்கு இவ்வளவு நீளமா?" என்று கேட்பீர்கள். ஆமாம், இவ்வளவு நீளம்தான். உங்கள் கடைப் பெயரைப் போட்டு ஊரே சிரித்தால் நீங்கள் எவ்வளவு எழுதுவீர்கள் என்று பார்க்கலாம்.

"நம்ம ரோட்டுக்கு இது ஆகுமா, ஸ்பீட் பிரேக்கரில் அடி தட்டாதா?" தட்டும். கேரளப் பக்கம் பாறசாலை தாண்டினால் சில இடங்களில் குறுக்காக ஏற்றித்தான் இறக்குகிறேன். அது ரோட்டைப் பற்றிய கேள்வி. அதற்கும் பொண்ணுங்களுக்கும் என்ன சம்பந்தம்?

"காசு உள்ளவன் புலம்பல்" என்று ஒருத்தர் எழுதியிருக்கிறார். அவருக்குப் பதில் சொல்லப் போவதில்லை. என் கை நகத்தைப் பார்த்தாலே தெரியும்.

ஒரு கமெண்ட் மட்டும் கொஞ்சம் விஷயத்தோடு இருந்தது. முதல் டிடியில் அழகுக்காகப் பாதுகாப்பையே விட்டார்கள், ஜெர்மனியில் ஹைவேயில் ஆட்கள் செத்தார்கள் என்று. உண்மைதான். 1999-ல் அந்த உருண்ட பின்பக்கம் அதிவேகத்தில் காற்றில் லேசாகத் தூக்கியது, திடீரென்று லேன் மாறும்போது பின்சக்கரம் பிடி விட்டது. அதன்பிறகு சஸ்பென்ஷனை மாற்றினார்கள், வண்டி சறுக்காமல் பிடிக்கிற ஈஎஸ்பி வைத்தார்கள், காற்று பின்பக்கத்தைத் தூக்காமல் இருக்க டிக்கியின் விளிம்பில் ஸ்பாய்லர் என்ற சின்னப் பட்டையை ஒட்டினார்கள். என் வண்டியில் 120-ஐத் தாண்டினால் ஸ்பாய்லர் தானாக எழும்பி நிற்கும். ஒரு வளைவை அரை அங்குலம் மாற்றினால் உயிர் போகும், உயிர் தப்பும். அவ்வளவு கனமான வேலை இது. அதை நகப்பூச்சு மாதிரி பேசுகிறீர்களே என்றுதான் எனக்கு ஆத்திரம்.

சரி, பொண்ணுங்க வண்டி என்றே வைத்துக்கொள்வோம். அதில் என்ன கேவலம்? 1981-ல் இத்தாலியில் சான்ரெமோ ராலி என்ற கார் பந்தயத்தை ஆடி குவாட்ரோவில் ஜெயித்தது மிஷேல் மூட்டோன். பெண். பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னவர் ஃபப்ரிசியா போன்ஸ். அவரும் பெண். குவாட்ரோவும் இரண்டு கதவு கூப்பேதான். அடுத்த வருடம் போர்ச்சுகல், கிரீஸ், பிரேசில் என்று மூன்று ராலி ஜெயித்து, உலக சாம்பியன்ஷிப்பில் மூட்டோன் இரண்டாவதாக வந்தார். மண் ரோட்டில், மலைச்சரிவில், ஆண்களை எல்லாம் பின்னால் விட்டு. பொண்ணுங்க வண்டி என்று சிரிக்கிறவர்கள் அந்த வண்டியில் ஏறி ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் ஒரு தடவை நூறைத் தொட்டுவிட்டு வரட்டும்.

என்னை உண்மையாகச் சுட்டது வண்டியைப் பற்றிய பேச்சு இல்லை. ரீலை முழுக்கப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கேமரா மெதுவாக நம்பர் பிளேட்டுக்கு இறங்குகிறது. டிஎன் 75, எங்கள் மார்த்தாண்டம் நம்பர். உடனே பின்னாலிருந்து ஒரு குரல், "ஓ, பாண்டியாணோ". பாண்டி என்றால் அங்கே தமிழனைக் கிண்டலாகச் சொல்வது. அப்புறம் ஒரே சிரிப்பு. திருவனந்தபுரத்துக்கு நாங்கள் எத்தனை தலைமுறையாகப் போய் வருகிறோம். எங்கள் ஆஸ்பத்திரி அங்கே, கல்யாணப் பட்டு அங்கே, பாதிச் சொந்தம் அங்கே. 1956 நவம்பர் 1 வரைக்கும் இந்த விளவங்கோடு தாலுகாவே அந்தப் பக்கத்துத் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடுதான் இருந்தது. ஆனாலும் செக்போஸ்ட்டைத் தாண்டினால் பாண்டி. இந்தப் பக்கம் திருநெல்வேலியைத் தாண்டி வாயைத் திறந்தால், "நீங்க மலையாளியா?" சென்னையில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் என் பேச்சைக் கேட்டுவிட்டு விலையையே மலையாளத்தில் சொன்னார்கள். வண்டியைப் பார்த்து ஒரு முத்திரை, பிளேட்டைப் பார்த்து ஒரு முத்திரை, பேச்சைக் கேட்டு இன்னொன்று. இதில் நான் எங்கே நிற்பது?

அந்த ரீலை எடுத்த அன்றைக்கு வண்டியை ஓட்டி வந்தது நான் இல்லை, என் தங்கச்சி. இரண்டு இன்னோவாக்களுக்கு நடுவில் ஒரே ரிவர்ஸில், ரிவர்ஸ் கேமரா பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்தே கொண்டு நிறுத்தினாள். அதை அந்த ரீலில் காட்டவில்லை. அவள் இறங்கினதையும், அவர்கள் சிரிப்பதைப் பார்த்து அவள் முகம் மாறினதையும் மட்டும் காட்டியிருக்கிறார்கள், ஸ்லோ மோஷனில், பாட்டுப் போட்டு. திங்கள்கிழமையிலிருந்து அவள் சாவியைத் தொடவில்லை. ஒர்க்‌ஷாப்புக்கு பஸ்ஸில் வருகிறாள். ஏன் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள்.

தம்பிகளே, நீங்கள் யார் என்று எனக்குத் தெரியும், உங்கள் பெயரை எழுதப் போவதில்லை. வண்டியைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசுங்கள், பதில் சொல்ல எனக்குத் தெம்பு இருக்கிறது. அவள் முகம் தெரிகிற பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிடுங்கள். இன்றைக்கே எடுங்கள்.