இண்டிகேட்டர் படபடத்தால் பேட்டரி போச்சா?

"எல்இடி இண்டிகேட்டர் போட்ட பிறகு வேகமாக மினுக்கினால் பேட்டரி சாகப்போகிறது, பெரிய ஃபியூஸ் போடுங்க" என்று கோவை, திருப்பூர் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டும் தப்புங்க.

பழைய இண்டிகேட்டர் பல்பு 21 வாட்; 12 வோல்ட்டில் ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும். எல்இடி இழுப்பது அதில் சின்னப் பங்கு. கரண்ட் குறைந்ததும், பல்பு கெட்டுப்போய்விட்டது என்று, இண்டிகேட்டரை மினுக்க வைக்கும் ஃபிளாஷர் ரிலே நினைத்துக்கொள்கிறது. அதனால்தான் அந்தப் படபடப்பு. சந்தேகமா? பழைய பல்புகளையே திரும்பப் போட்டுப் பாருங்கள். போன மாதம் பொள்ளாச்சி போகும் வழியில் என் வண்டியில் அதைத்தான் செய்தேன். டிக் டிக் சத்தம் உடனே நிதானத்துக்கு வந்தது. பேட்டரியைத் தொடவே இல்லை.

தனி ரிலே உள்ள வண்டி என்றால் எல்இடிக்கான ரிலே போதும். இல்லாவிட்டால் எல்இடி பல்பின் இரண்டு ஒயருக்கும் குறுக்கே (பேரலலாக) 6 ஓம், 50 வாட் ரெசிஸ்டர் போட்டால், பழைய பல்பு மாதிரி கரண்ட் இழுக்கும். ஆனால் அது தோசைக்கல் மாதிரி சுடும். பிளாஸ்டிக்கில் ஒட்டாமல் இரும்புத் தகட்டில் முடுக்குங்கள்.

பெரிய ஃபியூஸ்? ஷார்ட் ஆனால் ஃபியூஸுக்குப் பதில் ஒயர் எரியும்.