வளவில் யார் உட்கார்ந்திருந்தார்கள்?

செட்டிநாட்டு வீடு பார்க்கப் போகிறவர்களோடு ஒரு பந்தயம் கட்டுகிறேன். உள்ளே போன ஐந்தே நிமிஷத்தில் பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி, சுவர்ப் பூச்சில் கலந்த முட்டை வெள்ளைக்கரு எல்லாம் காதில் விழுந்துவிடும். நாமும் தூணைத் தடவிப் பார்த்து, தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் தெரிய ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். சாமான் விலை தெரிந்துகொண்டோம், வீட்டைப் பார்த்தோமா?

இதற்கு மருந்தாக ஒலி ஒளிக் காட்சி, விஆர் கண்ணாடி (மாட்டிக்கொண்டால் வேறோர் இடத்தில் இருப்பதுபோலக் காட்டுவது) என்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. லண்டன் ஃபோல்கேட் தெருவில் 18ஆம் எண் வீட்டை 1979இல் வாங்கிய டென்னிஸ் செவர்ஸ், பட்டு நெசவாளர் குடும்பம் ஒன்றைக் கற்பனை செய்து, அவர்கள் இப்போதுதான் எழுந்து போனதுபோல அறைகளை வைத்தார். மெழுகுவத்தி வெளிச்சம், பாதி தின்ற சாப்பாடு, விளக்கப் பலகைகள் கிடையாது. அவ்வளவுதான்.

நமக்குக் கற்பனைக் குடும்பமே வேண்டாம். வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தைச் சுற்றி அத்தனை அறைகள் எதற்கு? கல்யாணமான மகன் ஒவ்வொருவனும் ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பம். தனி அறை, தனிச் சமையல், தனிக் கணக்கு. ஒரு தெருவிலிருந்து மறு தெரு வரை நீளும் மாளிகையில் ஒரு தம்பதிக்குச் சொந்தம் அந்தச் சின்ன அறைதான். அதிலும் பாதி இடம் சீர் சாமானுக்கு. அந்த அறைக்குள் பத்து நிமிஷம் உட்காரவிட்டாலே போதும், எந்தக் கருவியும் வேண்டாம். வளவுக்குப் பின்னால் இருக்கும் இரண்டாங்கட்டில் வற்றல் காயட்டும், அடுப்பு எரியட்டும். (இப்போது அங்கே கயிறு கட்டி 'உள்ளே வராதீர்கள்' என்று எழுதி வைத்திருப்பார்கள்.)

முகப்புக்கு ஒரு பேரேடு வேண்டும். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ரங்கூன் வட்டிக்கடையில் வேலை பார்த்தவர்கள் மூன்று வருஷக் கணக்கை முடித்து ஊர் திரும்பிய கதை அதில்தான் இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. நெல் விலை சரிந்த காலத்தில் இந்தக் கடைகளில் வாங்கிய கடனைத் திருப்ப முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் கைமாறியது. கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்களிடம் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம், 1938க்குள் 25. தேக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்கிற வழிகாட்டி இதையும் சொல்ல வேண்டாமா?

வட்டிக் கதை குடும்பத்துக்கு அழகில்லை என்று வீட்டுக்காரர்கள் தயங்கலாம். தயக்கம் புரிகிறது. ஆனால் 1942இல் ஜப்பான் படை வந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்ததும் இவர்கள் வீட்டு ஆட்கள்தான். பல வீடுகள் ஏன் பூட்டிக் கிடக்கின்றன, தூணும் மரவையும் (மரத்தில் கடைந்த பாத்திரம்) காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்கு எப்படி வந்தன என்பதெல்லாம் அதன் பிறகு தொடங்குகிற கதை. இரண்டையும் சேர்த்துச் சொல்லட்டும். நுழைவுக் கட்டணத்தை இரட்டிப்பாக்கினாலும் மறுபேச்சில்லாமல் கொடுக்கிறேன்.