ஒரே இரவுக் கச்சேரி இல்லைங்க

பிரிட்டிஷ் ராக் இசைக்குழு லெட் செப்பெலினின் ‘தி சாங் ரிமெய்ன்ஸ் தி சேம்’ கச்சேரிப் படத்தை “ஒரே இரவில் எடுத்தது, ஒட்டு வேலையே கிடையாது” என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். தவறு. நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 1973 ஜூலை 27, 28, 29 என மூன்று இரவுகள் எடுத்ததைக் கோத்த படம் அது. அப்படியும் முக்கியமான ஷாட்கள் விட்டுப்போயிருந்தன. இயக்குநர் ஜோ மாஸாட் போய் பீட்டர் கிளிஃப்டன் வந்தார். 1974 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஷெப்பர்டன் ஸ்டுடியோவில் அதே மாதிரி மேடை போட்டு, பழைய ஒலிப்பதிவை ஓடவிட்டு, குழுவினர் வாசிப்பதுபோல நடித்தார்கள்.

நம்பிக்கை வரவில்லையா? குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர் ஜான் பால் ஜோன்ஸின் தலையைக் கவனியுங்கள். அதற்குள் முடியை வெட்டிவிட்டதால் ஷெப்பர்டன் ஷாட்களில் விக்! மூன்று இரவும் வெவ்வேறு உடை போட்ட புண்ணியவானும் அவர்தான். ஒரே பாட்டுக்குள் சட்டை மாறும். 1976-இல் படத்தோடு வந்த ஆல்பத்தையும் ஆதாரமாகக் காட்டாதீர்கள், அதன் எடிட்டிங் வேறு, படத்தின் எடிட்டிங் வேறு.