அந்த நைட்டியில் பை இருந்ததைப் பார்த்தீர்களா?

அந்த ரீல்ஸை இங்கே பகிரப் போவதில்லை. ஏற்கெனவே ஊர் முழுக்கச் சுற்றிவிட்டது, என் பங்குக்கு வேறு எதற்கு? பார்க்காதவர்கள் பாக்கியசாலிகள்.

‘ஸ்ட்ரீட் ஸ்டைல், திருவல்லிக்கேணி எடிஷன்’ என்று தலைப்பு. பார்த்தசாரதி கோயில் வாசலில் பஞ்சகச்சத்தோடு ஒரு மாமா, அவருக்கு வீணை. பெரிய மசூதிப் பக்கம் வெள்ளை ஜிப்பாவில் ஒரு பையன், அவனுக்கு கவாலி. அப்புறம் தண்ணி லாரிக்குப் பக்கத்தில், நைட்டி மேல் துண்டு போட்ட ஒரு அக்கா. அவருக்கு மட்டும் கோமாளி இசை, விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மை. கீழே ஆயிரக்கணக்கில் அதே பொம்மை.

தம்பி, நீங்கள் வேடிக்கை பார்க்கவில்லை. படம்தான் எடுத்தீர்கள். இரண்டும் ஒன்று என்று யாரோ உங்களுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

வேடிக்கை பார்த்திருந்தால் முதலில் நைட்டியின் நீளம் கண்ணில் பட்டிருக்கும். கடையில் தொங்கும் ஃப்ரீ சைஸ் நைட்டி பெரும்பாலும் 56 அங்குலம். ஐந்தடி உயரப் பெண்ணுக்குத் தோளிலிருந்து தரைக்கு 50 அங்குலம் இருந்தால் அதிகம். அப்படியே மாட்டினால் தெருவைப் பெருக்கும். அதனால் வெட்டித் தைக்க வேண்டும். எப்போது வெட்டுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வாங்கிய அன்றே வெட்டினால் கெட்டது. காட்டன் முதல் துவையலில் ஒன்றரை, இரண்டு அங்குலம் சுருங்கி, கெண்டைக்காலுக்கு ஏறிவிடும். ஒரு ராத்திரி உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, அலசி, நிழலில் காயவைத்து, அப்புறம் அளக்க வேண்டும். 54க்கு வந்திருக்கும். கீழே 5 அங்குலம் வெட்டி, ஒரு அங்குலம் உள்ளே மடித்து அடித்தால் 48. கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கும். தண்ணீர் பிடிக்கும்போது விளிம்பு நனையாது, படியேறும்போது காலில் சிக்காது. அந்த அக்காவின் நைட்டி சரியாக அங்கேதான் நின்றது.

வெட்டிய அந்த ஐந்து அங்குலப் பட்டையை யாரும் குப்பையில் போடுவதில்லை. அதுதான் பை. தையல் போக நாலு அங்குல அகலம் கிடைக்கும், ஃபோனின் அகலம் மூன்று. ஆழம் எட்டு வைக்க வேண்டும். ரெடிமேடில் வரும் பை ஐந்தோடு நின்றுவிடும், குனிந்தால் ஃபோன் குழாயடிச் சேற்றில். பையைச் சும்மா ஒட்டித் தைத்தாலும் போச்சு. இருநூறு கிராம் ஃபோன், சாவிக்கொத்து, சில்லறை எல்லாம் சேர்ந்து இழுக்க, மேல்முனையில்தான் முதலில் கிழியும். தையல் பிரிவதில்லை, துணியே கிழிகிறது. அதனால் விவரம் தெரிந்த தையற்காரர் மேல்முனை இரண்டிலும் உள்பக்கம் துண்டுத்துணி வைத்து, நாலைந்து தடவை முன்னும் பின்னும் மெஷினை ஓட்டுவார். உங்கள் வீடியோவை நாலாவது வினாடியில் நிறுத்திப் பாருங்கள். வலதுபக்கம் அந்தப் பை இருக்கிறது. பூ டிசைன் அங்கே மட்டும் குறுக்கே ஓடுகிறது, பட்டையைத் திருப்பிப்போட்டுத் தைத்ததால். உங்கள் கேமராவுக்கு அது தெரிந்தது. உங்களுக்குத் தெரியவில்லை.

ஏன் வலதுபக்கம்? குடம் இடது இடுப்பில் உட்காரும். 15 லிட்டர் குடம் என்றால் 15 கிலோ, தினமும் எத்தனை நடையோ. பழைய நைட்டி எதையாவது எடுத்துப் பாருங்கள், இடது இடுப்பில்தான் சாயம் முதலில் வெளுக்கும், நூலும் அங்கேதான் முதலில் தேயும். மெரூன், நேவி ப்ளூ, பாட்டில் கிரீன் என்று இருட்டு நிறத்தில் பொடிப்பூவாகத் தேடி வாங்குவதும் ரசனை இல்லாமல் அல்ல. வெளிர் நிறம் நனைந்தால் உடம்பு தெரியும், இருட்டு நிறத்தில் தெரியாது. குழம்புக் கறையும் தெரியாது.

துண்டுக்குத்தான் எல்லாரும் சிரித்தீர்கள். அங்கேயும் தேர்வு இருக்கிறது. நைலான் துப்பட்டா குனிந்ததும் வழுக்கி விழும். டர்க்கி டவல் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். காட்டன் ஈரிழைத் துண்டு போட்ட இடத்தில் நிற்கும், அரை மணியில் காயும். மார்பை மூடும், சுருட்டி வைத்தால் சும்மாடு ஆகும், வெயிலுக்குத் தலையில் முக்காடு, வீட்டுக்குப் போனதும் சூடான பாத்திரத்துக்குப் பிடிதுணி. ஒரே துண்டில் இத்தனை வேலை பார்க்கும் உடுப்பை பாரிஸில் ஒருத்தர் மேடையில் காட்டினால் எழுந்து நின்று கைதட்டுவீர்கள். தாலிச் சங்கிலியில் நாலு ஊக்கு தொங்கியதை விட்டுவிட்டேன். ஜிப் எப்போது கைவிடும் என்று யாருக்குத் தெரியும்?

‘தெரு பொது இடம், யார் வேண்டுமானாலும் படம் எடுக்கலாம்’ என்று வருவீர்கள். சரி, எடுங்கள். ஆனால் நம் ஊரில் வேடிக்கை பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பவரைத் தெருவும் பார்க்கும். ‘என்ன மாமா, காபி ஆச்சா?’ என்று கேட்டுவிட்டுப் போகும். அவர் பனியனில் ஓட்டை இருப்பதையும் கவனித்துக்கொண்டு போகும். இரண்டு பக்கமும் கணக்கு நேர். உங்கள் ஃபோனுக்குப் பின்னால் நீங்கள் என்ன போட்டிருந்தீர்கள் என்று யாருக்குத் தெரியும்?

‘நைட்டி ராத்திரி போடுவது, அதைப் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு வரலாமா?’ இது அடுத்தது. நீங்கள் போட்டிருக்கும் டி-ஷர்ட் அமெரிக்கக் கடற்படைக்காரன் சீருடைக்குள்ளே போட்ட உள்பனியன். அதை மாட்டிக்கொண்டு கல்யாண ரிசப்ஷனுக்கே வருகிறீர்கள். யாராவது கோமாளி இசை போட்டார்களா?

‘புடவை கட்டலாமே, அழகாக இருக்குமே.’ ஐந்தரை மீட்டர் துணியில் கொசுவம் நனைந்தால் என்ன கனம் கனக்கும் என்று ஒருதடவை கட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள், பேசலாம்.

எல்லா நைட்டியும் அழகு என்று நான் சொல்லவே இல்லை. கழுத்தைச் சுற்றி லேஸ் வைத்து, அதற்கு மேல் சாட்டின் பூ வைத்து வருகிறதே ஒன்று, அது எனக்கும் சகிக்காது. அது வேறு பேச்சு.

ஆண்களுக்கு மட்டும் இந்தச் சிரிப்பு ஏன் இல்லை என்பதுதான் உறுத்துகிறது. அதே வீடியோவில் மேன்ஷன் வாசலில் கைலி கட்டிய ஒருவர் டீ குடிக்கிறார். அவர் ‘வைப்’பாம். இருக்கட்டும், கைலியும் லேசுப்பட்டதல்ல. 2 மீட்டர் துணியை மூட்டினால் சுற்றளவு கிட்டத்தட்ட 79 அங்குலம். 34 இடுப்புக்காரருக்கு மீதி 45 அங்குலத்தை ஒருபக்கம் இழுத்து, மடித்து, விளிம்பை இரண்டு சுருட்டு சுருட்ட வேண்டும். புதுக் கைலி கஞ்சி மொடமொடப்பில் நிற்காது, மூன்று துவையல் ஆக வேண்டும். பெரியவர் எதிரே வந்தால் மடித்துக் கட்டியதை இறக்கிவிடுவார், அது வணக்கம். அந்தக் கட்டம் போட்ட துணிக்கு அமெரிக்காவில் ‘மெட்ராஸ்’ என்றே பெயர். துவைத்தால் சாயம் போகும் என்பதையே பெருமையாக விளம்பரப்படுத்தி அங்கே விற்றிருக்கிறார்கள். இங்கே சாயம் போனால் கடைக்காரரோடு சண்டை.

வேட்டிக்கும் ஆள் இருக்கிறது. 2014 ஜூலையில் இதே சேப்பாக்கத்தில், கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடவில்லை. ஊரே கொதித்தது. அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் வந்தது. வேட்டியைத் தடுத்தால் ஒரு வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். நல்ல சட்டம், குறை சொல்லவில்லை. நைட்டிக்கு என்ன நடந்தது தெரியுமா? 2018இல் ஆந்திராவில், மேற்கு கோதாவரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், பகலில் நைட்டி போட்டால் 2,000 ரூபாய் அபராதம் என்று ஊர்ப்பெரியவர்கள் கட்டுப்பாடு போட்டார்கள். காட்டிக்கொடுப்பவருக்கு 1,000 ரூபாய் பரிசு. உங்களுக்கு வியூஸ் வந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

‘காமெடியைக் காமெடியாக எடுத்துக்கத் தெரியலையே உங்களுக்கு.’ ஆமாம், தெரியவில்லை.

மார்கழி வந்தால் இதே கேமராக்கள் இதே தெருவுக்கு வரும். விடியற்காலை கோலம் போட ஆள் வேண்டும். ‘அக்கா, ஒரு புடவை மட்டும் கட்டிக்கிட்டு வந்து போட்டீங்கன்னா நல்லாருக்கும்’ என்று கெஞ்சும். அவர்களும் பாவம், உள்ளே போய் அவசரமாகச் சுற்றிக்கொண்டு வந்து, போட்டு முடித்த கோலத்தின் ஓரத்தில் குனிந்து நின்று கொடுப்பார்கள். அந்தப் படம் காலண்டருக்குப் போகும். கோலத்தை நாலரை மணிக்கு நைட்டியில்தான் போட்டார்கள் என்பது யாருக்கும் வேண்டாம். எங்கள் தெரு எப்படி இருக்க வேண்டும் என்று நீங்களே முடிவு செய்துகொண்டு வருகிறீர்கள். அப்படி இல்லாவிட்டால் சிரிக்கிறீர்கள். இதற்கு வேடிக்கை என்றா பெயர்?

நேற்று லாரி வந்தது. அந்த அக்கா புடவையில் வந்திருந்தார். முந்தானையை இழுத்துச் சொருகியும் கொசுவம் முழங்கால் வரை நனைந்துவிட்டது. வழக்கமாக இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று இரண்டு குடமாகக் கொண்டுபோகிறவர், புடவையைத் தூக்கிப் பிடிக்க ஒரு கை வேண்டியிருந்ததால், ஒவ்வொன்றாகத்தான் கொண்டுபோனார். ஃபோனைப் பக்கத்து வீட்டுப் பாப்பாவிடம் கொடுத்து வைத்திருந்தார்.