மிச்சத்தைக் கொட்டிராதீங்க

பழைய கட்டடத்துல ரிப்பேர் வேலை நடக்கும்போது கொஞ்சம் காரையைப் பேத்து கவர்ல போட்டு லேபுக்கு அனுப்புவாங்க, ரிப்போர்ட் வந்ததும் ஃபைல்ல வச்சிருவாங்க, மிச்சத் துண்டைக் குப்பைல கொட்டிருவாங்க. இதைப் பாக்குறப்பல்லாம் எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு. ரிப்போர்ட்ங்கிறது இன்னிக்கு நமக்குக் கேக்கத் தெரிஞ்ச கேள்விக்கு மட்டும்தாங்க பதில்.

ரோமானியக் கான்கிரீட்டையே எடுத்துக்குங்க. அதுக்குள்ள வெள்ளை வெள்ளையா சுண்ணாம்புக் கட்டி கெடக்கும், ஒழுங்கா கலக்காம விட்டதுன்னுதான் ரொம்ப காலமா நெனச்சிட்டிருந்தாங்க. இத்தாலில ப்ரிவெர்னம்ங்கிற பழைய ஊரோட சாம்பிளை வச்சு அமெரிக்காவோட எம்ஐடி பல்கலைக்கழகக் குழு 2023-ல வெளியிட்ட ஆய்வுல, விரிசல் விட்டு தண்ணி எறங்கினா அந்தக் கட்டிதான் கரைஞ்சு வந்து விரிசலை அடைக்குதுன்னு சொன்னாங்க.

காரைக்கு நாம வழக்கமா பண்றது ஆசிட் டெஸ்ட். சுண்ணாம்பு கரைஞ்சிரும், மணல் தங்கிரும், எடை போட்டு விகிதம் சொல்லிருவாங்க. மணலோட சிப்பித்தூள் கலந்திருந்தா? அதுவும் கரைஞ்சு சுண்ணாம்புக் கணக்குல சேந்துரும், விகிதமே தப்பா வரும், அதைச் சரிபாக்கணும்னா கைல முழுத் துண்டு ஒண்ணு இருக்கணும்ல. அதான் சொல்றேன், பாதியைத் தொடாம எடுத்து வைங்க.

பெயிண்ட்டும் அப்படித்தான். மிளகு சைஸுல ஒரு செதிள் போதும், ரெசின்ல (கெட்டியாகிற பிசின்) பதிச்சு குறுக்குவாட்டுல தேய்ச்சு மைக்ராஸ்கோப்ல வச்சா அடுக்கடுக்கா தெரியும். ரெண்டு நெறத்துக்கு நடுவுல மயிரிழை மாதிரி கருப்பா ஒரு கோடு ஓடும் பாருங்க, அது அழுக்கு. அதாவது அடியில இருக்கற நெறம் கொஞ்ச காலம் வெளிய தெரிஞ்சிட்டு இருந்திருக்கு. கோடே இல்லன்னா அது வெறும் பிரைமரா (அடிப்பூச்சு) கூட இருக்கலாம். சுரண்டிப் பாத்துட்டு "ஒரிஜினல் கலர் பச்சை"ன்னு முடிவு பண்றவங்க இந்தக் கோட்டை எங்க பாக்கப் போறாங்க!

மரம்னா பட்டை ஒட்டியிருக்கற ஓரம் முக்கியம். வருஷத்துக்கு ஒண்ணா வளர்ற வளையத்துல கடைசி வளையம் இருந்தாத்தான் மரம் வெட்டின வருஷம் கெடைக்கும், அதைச் செதுக்கித் தள்ளிட்டா தோராயம்தான். 1929-ல அரிசோனால ஷோ லோங்கிற ஊர்ல கெடைச்ச ஒரு கருகின கட்டைதான் மர வளையத்தை எண்ணி வருஷம் கணிச்ச அமெரிக்க விஞ்ஞானி டக்ளஸோட வளைய வரிசையில இருந்த இடைவெளியை அடைச்சு, பழங்குடிகளோட பழைய வீடுகளுக்கெல்லாம் வருஷம் சொல்ல வச்சுது. கரிக்கட்டைன்னு யாராவது தூக்கிப் போட்டிருந்தா?

ஆனா வெறுமன சேத்து வச்சா மட்டும் போதாதுங்க. ஒரு ஸ்டோர் ரூம்ல பழைய சாம்பிள் பெட்டி ஒண்ணைப் பிரிச்சேன். ஈரத்தோட கட்டி வச்சிருந்ததால சில கவருக்குள்ள பூஞ்சை, மேல மார்க்கர்ல எழுதினது வெளுத்துப்போய் "வடக்குச் சுவர்"ங்கிறது மட்டும் மங்கலா தெரியுது. எந்த மாடி, தரையிலருந்து எவ்வளவு ஒசரம், எந்த அடுக்கு, யார் எப்ப எடுத்தாங்க, ஒண்ணுமே இல்ல. எடுக்கறதுக்கு முன்னாடி ஸ்கேல் வச்சு ஒரு ஃபோட்டோ, பிளான்ல ஒரு புள்ளி, பென்சில்ல எழுதின சீட்டு உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணு. அஞ்சு நிமிஷ வேலை.

அந்தக் கவரையெல்லாம் தூக்கிப் போட மனசு வரல. காய வச்சு, புதுக் கவர்ல மாத்தி, "இடம் தெரியாது"ன்னு பென்சில்ல எழுதி அதே ரேக்ல வச்சிட்டு வந்தேன்.