வருமானம் குறைந்தால் மட்டும் போதாது

‘வருமானம் குறைந்தால் பிள்ளைப் பராமரிப்புப் பாக்கியும் குறையும்’ என்கிறது, கனடாவில் பிரிந்த பெற்றோரில் ஒருவர் பிள்ளைக்காக மற்றவருக்குக் கட்ட வேண்டிய பணத்தைப் பற்றிய ஒரு கட்டுரை. பாதிதான் சரி. 2021 ஜூனில் கனடா உச்ச நீதிமன்றத்தில், ஏறக்குறைய 170,000 டொலர் பாக்கியைக் குறைக்கக் கேட்ட தந்தையின் மேன்முறையீடு தள்ளுபடியானது. வருமான விவரத்தை அவர் ஒழுங்காக வெளிப்படுத்தவில்லை. அதுதான் காலை வாரியது.

‘வேலை போயிற்று’ என்று மற்றப் பெற்றோரிடம் வாயால் சொன்னால் அறிவித்ததாகாது. வரி மதிப்பீட்டுக் கடிதம், சம்பளச் சீட்டு, வேலைநீக்கக் கடிதம் என்று கையிலிருப்பதைக் கூடவே கொடுக்க வேண்டும். பொதுவாக, அப்படிக் கொடுத்த நாளிலிருந்துதான் குறைப்பு. அதுவும் முறையான சட்ட அறிவித்தலுக்கு (நீதிமன்றத்தில் மனுப்போடுவது போன்றதற்கு) 3 ஆண்டுகள் முன்புவரைதான் பின்னோக்கிப் போகும். மறைத்து வைத்துவிட்டுப் பிறகு மனுப்போடுவது வீண்வேலை.

‘இப்போது கட்ட வசதியில்லை’ என்று பாக்கியைத் தள்ளுபடி செய்யக் கேட்பது கடைசி வழி. தவணையில்கூட, இனிமேலும் கட்ட முடியாது என்பதை முழு ஆவணங்களோடு நிரூபிக்க வேண்டும்.