லின்க்ஸைச் சாய்த்தது பேட்டரி இல்லை

நிண்டெண்டோவின் கையடக்க கேம் கருவியான கேம் பாய் பற்றி யார் எழுதினாலும் நடுவில் அதன் போட்டிக் கருவியான அடாரி லின்க்ஸை இழுத்து நாலு சாத்து சாத்தாமல் விடுவதில்லை. கலர் ஸ்கிரீன் இருந்து என்ன பிரயோஜனம், பேட்டரியைக் குடித்துக் குடித்தே செத்தது என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

1989இல் வந்த லின்க்ஸ்தான் கலர் எல்சிடி திரையோடு கடைக்கு வந்த முதல் கையடக்க கேம் கருவி. பெயர்தான் அடாரி. பெற்றது எபிக்ஸ் என்ற கேம் நிறுவனம். அமிகா கணினிக் குழுவில் இருந்த ஆர்.ஜே. மைக்கலும் டேவ் நீடிலும் அங்கே செய்தது. எபிக்ஸின் கையில் காசு வறண்டதும் அடாரியிடம் போய்ச் சேர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், லின்க்ஸுக்கு கேம் எழுத அப்போது அமிகா கணினி வேண்டியிருந்தது. அமிகாவோ அடாரியின் பரம எதிரியான கமடோர் நிறுவனத்தின் சரக்கு!

உருவங்களை நொடியில் பெரிதாக்கிச் சுருக்கும் வேலையை அதன் சில்லே பார்த்துக்கொள்ளும். 'ப்ளூ லைட்னிங்' ஆடும்போது எதிரி விமானம் தூரத்தில் புள்ளியாகக் கிளம்பி முகத்துக்கு நேரே வீங்கிக்கொண்டு வரும். அப்போதைய கேம் பாயில் இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. இடதுகைக்காரர்கள் கருவியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படத்தையும் திருப்பிக்கொள்ளலாம். இவ்வளவு யோசித்தவர்கள் அதை ஏன் அத்தனை பெரிதாகச் செய்தார்கள்? முன்னோட்டம் பார்த்த மக்கள், பெரிதாக இருந்தால்தான் கொடுக்கிற காசுக்குப் பெறும் என்றார்களாம். உள்ளே நிறையக் காலி இடம்.

சரி, பேட்டரிக்கு வருவோம். ஆறு ஏஏ பேட்டரி போட்டால் நாலைந்து மணி நேரம். கொடுமைதான். ஆனால் 1990இல் வந்த சேகா கேம் கியரும் அதே ஆறு பேட்டரியை அதே வேகத்தில்தான் தின்றது. அது ஒரு கோடிக்கு மேல் விற்றதே!

என்னைக் கேட்டால் முதல் அடி விலை. கேம் பாய் சுமார் 90 டாலர், லின்க்ஸ் அதற்கு இரண்டு மடங்கு. அடுத்தது கேம்கள். அமெரிக்காவில் கேம் பாய் பெட்டியைப் பிரித்தாலே உள்ளே டெட்ரிஸ் இருந்தது. வெளி நிறுவனங்களும் நிண்டெண்டோவுக்காக வரிசையில் நின்றன. அடாரியால் அவர்களை இழுக்க முடியவில்லை. லின்க்ஸுக்கு அதன் காலத்தில் வந்த கேம்கள் நூறைக்கூட எட்டவில்லை. 1991இல் உடம்பைக் குறைத்து, விலையையும் 100 டாலருக்குக் கொண்டுவந்தார்கள். அதற்குள் காரியம் கைமீறிவிட்டது.

அதற்காக நல்ல கேமே இல்லை என்று சொல்லமாட்டேன். தொண்ணூறுகளில் விண்டோஸ் கணினியில் 'சிப்ஸ் சேலஞ்ச்' ஆடி மண்டையைப் பிய்த்துக்கொண்டவர்கள் இங்கே நிறைய பேர் இருப்பீர்கள். அது முதலில் வந்தது லின்க்ஸில்தான்.